ஜாய்ஸ்டிக்குக்கு ஒரு சோலைச்சாமி கட்டு

கோவில்பட்டியில் பருத்தி கமிஷன் மண்டி வைத்திருந்த சோலைச்சாமிக்கு இரண்டு பெருமைகள் இருந்தன. ஒன்று, பசுவந்தனைக் கரிசலில் அவருக்கிருந்த நிலம். அது மழை பெய்தால்தான் நிலம். பெய்யாத வருஷம் வெறும் வெடிப்பு. ஆகவே அந்தப் பெருமையை வருஷம் தவறாமல் நம்பியிருக்க முடியாது. இன்னொன்று எந்த மேகத்தையும் எதிர்பார்க்காத பெருமை. அது அவர் போடும் கட்டு.

அவர் மண்டியில் கட்டிய பருத்திப் பொதி விருதுநகர் போய், அங்கிருந்து கோயமுத்தூர் போய், மில் வாசலில் லாரியின் உச்சியிலிருந்து உருட்டிவிட்டாலும் அவிழாது என்று ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவரும் அவர்தான். இறுக்கிச் சுற்றி, முழங்காலை ஊன்றி, சணலை மூச்சுப் பிடித்து இழுத்து, ஒன்றன்மேல் ஒன்றாக முடிச்சுப் போடுவார். போட்டுவிட்டு, சாமி கும்பிடுகிறவரைப் போலக் கண்ணை மூடி ஒரு கணம் நிற்பார். பக்கத்தில் யாராவது நின்றால் அந்தக் கணம் கொஞ்சம் நீளும்.

அந்தப் பொதிக் கட்டை இதுவரை யாரும் அவிழ்த்ததில்லை என்பது உண்மைதான். அவிழ்க்க வேண்டிய தேவையும் யாருக்கும் வந்ததில்லை. பொதி போய்ச் சேர்ந்ததும் சணலுக்கு அடியில் கத்தியை விட்டு ஒரு இழுப்பு. முடிச்சோடு சேர்ந்து மூலையில் போய் விழும். பருத்தி வியாபாரத்தில் கட்டுகிறவன் இருக்கிறான், அறுக்கிறவன் இருக்கிறான். அவிழ்க்கிறவன் என்று ஒருவன் கிடையாது.

மண்டியோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. வீட்டிலும் கட்டினார். குடை, கொசுவலை, பழைய பேப்பர், வெந்நீர்ப் பை, மனைவி பெத்தம்மாளின் மூட்டுவலித் தைலப் பாட்டில் எல்லாம் சணல் கட்டோடுதான் இருந்தன. தைலத்தை எடுப்பதற்குள் மூட்டுவலி தானாகவே அலுத்துப் போய்விடும். கல்யாணமான புதிதில் தாலிக்கயிற்றைக்கூட ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, லூசாக இருக்கிறது என்று சொன்னாராம். பெத்தம்மாளே அதைத் தன் அக்கா தங்கைகளிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள், அவர் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து.

இந்த வீட்டுக்குத்தான் எண்பத்தைந்தாம் வருஷம் ஆவணியில் கழுகுமலையிலிருந்து ஆவுடைத்தாய் மருமகளாக வந்தாள். கூடவே பித்தளையும் வெண்கலமும் கட்டிலும் மெத்தையும் வந்தன. கடைசியாகத் தாய்மாமன் சீர் வந்தது. தாய்மாமன் சுடலைக்கண்ணு சிங்கப்பூரில் கப்பல்களுக்குச் சாமான் ஏற்றும் கம்பெனியில் இருந்தார். முதல் தாம்பாளத்தில் பட்டுச்சேலை, அடுத்ததில் பழம், வெற்றிலை. மூன்றாவது தாம்பாளத்தில் ஒரு டி.வி. கேம் உட்கார்ந்திருந்தது.

ஒரு கறுப்புப் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஜாய்ஸ்டிக். ஒவ்வொன்றுக்கும், பெட்டியில் செருகிக் கழற்றுகிற ஒரு நீள வயர். யாரோ ஒரு புண்ணியவதி பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்து, ஜாய்ஸ்டிக்கின் தலைக்கு மல்லிகைச் சரமும் சுற்றியிருந்தாள். மேளம் முன்னால் போக, தாம்பாளங்கள் பெண்களின் தலையில் ஏறி மண்டபத்துக்கு வந்தன. பார்த்தவர்களில் சிலர் அது ரத்தக் கொதிப்பு பார்க்கிற மெஷின் என்றார்கள். சிலர் போன் என்றார்கள், எண் சுழற்றும் வட்டத்தை மட்டும் காணோமே என்று தேடினார்கள். சோலைச்சாமி மைக்கை வாங்கி, "இது எலெக்ட்ரானிக்" என்று அறிவித்தார். அதற்குமேல் அவருக்கும் தெரியாததால் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சபையைப் பார்த்துக் கும்பிட்டார். சபையும் கும்பிட்டது.

ஆவுடைத்தாய்க்குத் தெரியும். மாமா முந்தின லீவில் வந்தபோது அதைக் கழுகுமலைக்குக் கொண்டுவந்து, அடுத்த வீட்டு டி.வி.யில் மாட்டி அவளுக்கு ஆடக் கற்றுக்கொடுத்திருந்தார். அப்போது ஆடி முடித்ததும் வயரை ஜாய்ஸ்டிக்கைச் சுற்றியே வரிந்து வைத்து, ஒன்றைக் கெடுத்தும் இருந்தாள். சுடலைக்கண்ணு திட்டவில்லை. வயர் ஜாய்ஸ்டிக்குக்குள் நுழைகிற இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"அதுக்கு உயிரு இங்கனதான். இந்தக் கழுத்த மடக்காத. கையகலத்துக்கு வளையம் வளையமா விட்டு, மெத்துன்னு ஒரு துணியக் கட்டி, தட்டையா வச்சிரு. நெருக்கிச் சுத்துனா வெளிய அழகாத்தான் இருக்கும், உள்ள அத்துப்போகும்."

சிங்கப்பூரிலிருந்து வேறொன்று வாங்கி அனுப்பி, சீரில் இரண்டாகவே வைத்துக் கொடுத்தார்.

கோவில்பட்டி வீட்டில் சீர் வந்த வேகத்தில் கரைந்தது. பாத்திரங்கள் மாமியாரின் அடுக்களைக்குள் போயின. நகை மாமனாரின் இரும்புப் பெட்டிக்குள் போனது. மெத்தை வந்து போகிற விருந்தாளிகளுக்கு என்று ஆனது. கல்யாணமாகிப் புதுக்கருக்கு மாறுவதற்குள், அந்த வீட்டில் ஆவுடைத்தாய் யாரையும் கேட்காமல் கையில் எடுத்து, யாரையும் கேட்காமல் திரும்ப வைக்கக்கூடிய பொருள் என்று அந்த டி.வி. கேம் ஒன்றுதான் மிஞ்சியது.

டி.வி. ஏற்கெனவே இருந்தது. மொட்டைமாடியில் தென்னை உயரத்துக்கு ஆன்டெனா நட்டு, கொழும்புக்காரன் காட்டுகிற புள்ளி மழையை வீடே உட்கார்ந்து பார்க்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு மண்டியிலிருந்து வரும் கணவன் சங்கிலிப்பாண்டியை அவள் ஆளுக்கொரு ஜாய்ஸ்டிக்கோடு டி.வி. முன்னால் உட்காரவைத்தாள். அப்பா எதிரில் மனு கொடுக்க வந்தவன் குரலில் பேசுகிற சங்கிலிப்பாண்டி, திரையில் கப்பல் வெடிக்கும்போது மட்டும் வாய்விட்டுச் சிரித்தான். வெடிப்பது எப்போதும் அவன் கப்பல்தான். அதில் அவனுக்கு வருத்தமில்லை. இந்த வீட்டில் தோற்றுப் பழகியவன் அவன். சிரித்துக்கொண்டே தோற்பதுதான் அவனுக்குப் புதிது.

ஒருநாள் சோலைச்சாமி நேரத்தோடு வந்துவிட்டார். பாயில் இரண்டு வயர்களும் வளையம் வளையமாகக் கிடந்தன. என்ன இது, ஆட்டுக்குடல் மாதிரி நடுவீட்டில் கிடக்கிறதே என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. ஜாய்ஸ்டிக்கைக் கையில் எடுத்தார். வயரைக் கழுத்தோடு மடக்கி, ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி வரிந்து, மூச்சுப் பிடித்து இழுத்து, மேலே சணல் போட்டு, முடிச்சுக்குமேல் முடிச்சாக முடிந்தார். முழங்காலை ஊன்ற மட்டும் இடம் கிடைக்கவில்லை. கண்ணாடி பீரோவில் இரண்டு அந்துருண்டைகளுக்கு நடுவில் வைத்துவிட்டு, கண்ணை மூடி நின்றார்.

மறுநாள் ஆவுடைத்தாய் விளையாட்டு நேரம் முழுவதையும் கொண்டை ஊசியால் முடிச்சைக் கிளறுவதில் கழித்தாள். அதற்கு அடுத்த நாள் அவர் மறுபடி கட்டினார். அவள் மறுபடி அவிழ்த்து, தாய்மாமன் சொன்னபடி வளையமாக விட்டு ஒரு சிவப்பு ரிப்பன் கட்டினாள். இது ஒரு வார்த்தை பேசாமல் பல மாதம் நடந்தது. இடையில் பெத்தம்மாள் சமாதானம் செய்து பார்த்தாள். சணலும் வேண்டாம், ரிப்பனும் வேண்டாம் என்று ரப்பர் பேண்டு போட்டாள். சித்திரை வெயிலில் ரப்பர் பேண்டு இளகி வயரோடு ஒட்டிக்கொண்டது. போதாததற்கு அந்துருண்டை பட்ட இடமெல்லாம் வயர் பிசுபிசுத்தது. பிறகு பெத்தம்மாள் சமாதானம் பேசப் போகவில்லை.

ஆடியில் ஒரு ஜாய்ஸ்டிக் செத்தது. முழுதாகச் சாகவில்லை, கப்பல் இடதுபக்கம் மட்டும் போனது, வலதுபக்கம் வர மறுத்தது. சோலைச்சாமி விசாரணை வைத்தார். அவரே நாற்காலி போட்டு, அவரே புகார் சொல்லி, அவரே யோசித்து, அவரே தீர்ப்பும் சொன்னார். மருமகளுக்குக் கை கனம்; சாமான் வைத்துப் பிழைக்கத் தெரியவில்லை; ஒழுங்காகக் கட்டி வைத்ததை அவிழ்த்து அவிழ்த்துக் கெடுத்துவிட்டாள். சங்கிலிப்பாண்டி கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அவுத்து ஒண்ணும் கெடல மாமா, கட்டித்தான் கெட்டுச்சு" என்றாள் ஆவுடைத்தாய். "தலமுடிய இழுத்து இழுத்துக் கட்டுனா நெத்திப் பக்கம் கொட்டிப் போகுதுல்லா, அதுமாதிரிதான். இழுக்கிற இடத்துல அத்துப்போச்சு."

சோலைச்சாமிக்கு நெற்றி பிடரிவரை போயிருந்தது. அவள் அதை நினைத்துச் சொன்னாளோ என்னவோ, பெத்தம்மாள் சுவரில் தொங்கிய காலண்டரில் தேதி பார்க்க ஆரம்பித்துவிட்டாள். வெகுநேரம் பார்த்தாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

அன்றைக்கே பீரோ பூட்டப்பட்டது. சாவி அரைஞாணில் ஏறியது. மறுநாள் லாரிகளுக்குப் பேர் எழுதுகிற பெயின்டர் வீட்டுக்கு வந்தான். கறுப்புப் பெட்டியின் முதுகில் சிவப்புப் பெயின்டில் 'பெ. சோலைச்சாமி, கோவில்பட்டி' என்று எழுதினான். பழக்க தோஷத்தில் கீழே ஒரு தாமரைப் பூவும் போட்டான். ஒலி எழுப்பவும் என்று எழுத இடமில்லாமல் போனது ஒன்றுதான் குறை.

அந்தப் பக்கத்தில் சீர்ப் பாத்திரத்துக்குப் பேர் வெட்டுகிற வழக்கம் உண்டு. அண்டாவோ குத்துவிளக்கோ, பெண்ணின் பேரோ பெண் வீட்டார் பேரோதான் வெட்டுவார்கள். நாளைக்கு ஏதாவது என்றால் இது யாருடையது என்று பாத்திரமே சொல்லவேண்டும் என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு. வந்த சீரின்மேல் மாமனார் தன் பேரை எழுதிக்கொண்டதாக அந்த வட்டாரத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. அன்றுவரை ஆவுடைத்தாய்க்கு அது வயர் விவகாரமாக இருந்தது. பெயின்ட் காய்ந்தபோது அது வேறு விவகாரமாக ஆகிவிட்டது.

அவள் ஆயுத பூஜைவரை காத்திருந்தாள். அன்றைக்குத் தராசு, படிக்கல், கோணி ஊசி என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். எலெக்ட்ரானிக்கும் ஆயுதம்தான் என்று சோலைச்சாமி முடிவு செய்து பீரோவைத் திறந்துவிட்டார். துடைக்கிற வேலை மருமகளுக்கு வந்தது. அவள் முற்றத்தில், எல்லோரும் பார்க்க உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் கறுப்புப் பெட்டியைத் துடைத்தாள். முதலில் தாமரை போனது. பிறகு கோவில்பட்டி போனது. சோலைச்சாமி வந்து பார்த்தபோது 'பெ.' மட்டும் பாக்கி இருந்தது. அவர் முன்னாலேயே அதையும் துடைத்தாள்.

அவர் ஸ்டிக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டு, நல்ல ஸ்டிக் எங்கே என்று கேட்டார்.

"என் டிரங்குப் பெட்டியில இருக்கு மாமா."

"எடுத்து வை."

"வைக்கமாட்டேன்."

அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் அதுவரை வந்ததில்லை. எங்கே உட்காருவது என்று தெரியாத விருந்தாளியைப் போல முற்றத்தின் நடுவில் நின்றது. பெத்தம்மாள் கையிலிருந்த குங்குமச் சிமிழை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"ஏத்தா, இது யாரு வீடுன்னு தெரியுதா ஒனக்கு?"

"ஒங்க வீடுதான். ஸ்டிக்கு என்னுது."

"கழுகுமலைக்கு பஸ் ஏத்தி விட்டுருவேன் பாத்துக்கோ."

"பஸ்ஸுல போகமாட்டேன் மாமா." அவள் குரல் உயரவில்லை. துணியைப் பிழிந்து கொடியில் போட்டபடி சொன்னாள். "சீரு எப்படி வந்துச்சோ அப்படித்தான் திரும்பிப் போகும். தாம்பாளத்துல வச்சு, மேளத்தக் கூப்பிட்டு, பஜார் வழியா. ஒங்க மண்டி வாசல்ல நின்னு ஒரு தேங்காயும் ஒடச்சிட்டுப் போறேன்."

சோலைச்சாமி அந்த ஊர்வலத்தை மனசுக்குள் ஒருமுறை பார்த்தார். பார்த்திருக்கக்கூடாது. மண்டிகள் எல்லாவற்றிலும் ஆட்கள் வெளியே வந்து நிற்பது வரைக்கும் தெரிந்தது. அதுவும் இந்த நேரத்தில். கரிசல் வட்டாரப் பருத்தி வணிகர் நலச் சங்கத்தின் தலைவர் நாற்காலி காலியாகப் போகிறது. பதவி விலகப் போகும் தலைவர் செண்பகராஜ், அடுத்தவரை முடிவு செய்வதற்காக, வருகிற ஞாயிற்றுக்கிழமை சோலைச்சாமி வீட்டுக்கே நிர்வாகிகளோடு சாப்பிட வருகிறார். தலைவர் என்றால் வேலை எதுவும் கிடையாது. வருஷத்துக்கு ஒருமுறை மாலையும், எல்லாக் கல்யாணத்திலும் முன்வரிசையும் உண்டு. சோலைச்சாமிக்கு அது போதும்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, நல்ல நாளும் அதுவுமாக யாரிடமும் வாய் கொடுக்க விரும்பவில்லை என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஸ்டிக் டிரங்குப் பெட்டியிலேயே இருந்தது.

சங்கிலிப்பாண்டிதான் தவித்தான். மறுநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே, ஒரு வயருக்காக எதுக்கு இவ்வளவு, கொடுத்துத் தொலைத்துவிடேன் என்று கெஞ்சினான்.

"வயருக்காகன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "இன்னைக்கு இதக் கட்டுவாரு, நாளைக்கு என்னக் கட்டி பீரோவுல வைப்பாரு. ஒங்கள ஏற்கெனவே பாதி சுத்தியாச்சு. கழுத்தத் தடவிப் பாருங்க."

சங்கிலிப்பாண்டி சோற்றுக் கையோடு கழுத்தைத் தடவப் போய், பாதியில் நிறுத்திக்கொண்டான்.

சோலைச்சாமி இதற்குள் வேறு ஏற்பாட்டில் இறங்கியிருந்தார். இடதுபக்கம் மட்டும் போகிற ஸ்டிக்கை ரேடியோ கடைக்குக் கொடுத்தனுப்பி, ஈயம் வைத்து ஒட்டி வாங்கினார். இப்போது கப்பல் இரண்டு பக்கமும் போனது. மருமகளின் தயவு இல்லாமலேயே விருந்தாளிகளை அசத்திவிடலாம். அந்த சந்தோஷத்தில் ஒரு கட்டுப் போட்டார். அவர் வாழ்க்கையில் போட்ட கட்டுகளில் அதுதான் சிறந்தது என்று சொல்லவேண்டும். வயர் எங்கே முடிகிறது, சணல் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. குட்டிப் பொதி ஒன்று பிறந்ததுபோல இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே கறுப்புப் பெட்டி டி.வி.க்குப் பின்னால் மாட்டப்பட்டது. பகல் பதினொரு மணிக்குக் கார் வந்தது. செண்பகராஜ் தங்கப் பிரேம் கண்ணாடி போட்டிருந்தார். அதன் மேல்விளிம்பு வழியாகத்தான் எதையும் பார்ப்பார். நிர்வாகிகள் வெள்ளைச் சட்டையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். காப்பி வந்தது. பருத்தி விலையைப் பற்றி வருத்தப்பட்டார்கள். மழையைப் பற்றி வருத்தப்பட்டார்கள். வருத்தப்படுவதற்கு வேறு எதுவும் கிடைக்காதபோது சோலைச்சாமி எழுந்து, நவீன விஞ்ஞானம் நம் கரிசல் மண்ணுக்கும் வரவேண்டும் என்பது தன் நீண்டநாள் கனவு என்று ஆரம்பித்தார். கொஞ்ச நேரம் கழித்து முடித்தார். பிறகு பீரோவைத் திறந்து, குட்டிப் பொதியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்.

நிர்வாகிகள் எல்லோரும் முதலில் பார்த்தது கட்டைத்தான். இது அண்ணாச்சி கை என்று பார்த்தவுடன் தெரிகிறது என்று ஒருவர் சொன்னார். இன்னொருவர் விரலால் சுண்டிப் பார்த்து, கல்லு மாதிரி இருக்கிறது என்றார். சோலைச்சாமி தன்னடக்கமாகச் சிரித்தபடி அவிழ்க்க ஆரம்பித்தார்.

வாழ்நாளில் முதல்முறையாக அவர் தன் கட்டைத் தானே அவிழ்க்கிறார் என்பது அவருக்கு அப்போது தோன்றவில்லை. நகத்தால் பார்த்தார். சட்டை ஊக்கால் பார்த்தார். சபை என்று பாராமல் பல்லாலும் ஒரு முறை பார்த்தார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது, மறந்து வைத்துவிட்டுப் போனதைப்போல. நிர்வாகிகள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். தண்ணீர் தெளிக்கச் சொன்னார் ஒருவர். தட்டினால் இளகும் என்றார் ஒருவர். கடைசியில் செண்பகராஜ், எந்தப் பருத்தி வியாபாரியும் செய்வதைப்போல, மடக்குக் கத்தியை எடுத்து நீட்டினார். இதற்குப் போய் இவ்வளவு நேரமா, ஒரு இழுப்பு இழுங்கள் என்றார்.

சோலைச்சாமியும் எந்தப் பருத்தி வியாபாரியும் செய்வதைத்தான் செய்தார். சணலுக்கு அடியில் கத்தியை விட்டார். ஒரே இழுப்பு.

கட்டு விட்டது. சணல் இந்தப் பக்கம் விழுந்தது. வயரில் பாதி அந்தப் பக்கம் விழுந்தது. அறுந்த முனையிலிருந்து சிவப்பும் பச்சையும் மஞ்சளுமாகப் பொடி நரம்புகள் எட்டிப் பார்த்தன. செண்பகராஜ் கண்ணாடியின் மேல்விளிம்பு வழியாகக் குனிந்து பார்த்து, இதையும் அறுக்க வேண்டியதுதானா என்று உண்மையாகவே கேட்டார்.

இன்னொன்று இருக்கிறது என்றார் சோலைச்சாமி. பெத்தம்மாளை அனுப்பினார். பெத்தம்மாள் போன வேகத்தில் திரும்பி, அவர் காதில் ஏதோ சொன்னாள். மகனை அனுப்பினார். சங்கிலிப்பாண்டி உள்ளே போனான், திரும்பி வரவில்லை. நிர்வாகிகள் மின்விசிறியைப் பார்த்தார்கள். ஒருவர் மறுபடி மழையைப் பற்றி ஆரம்பித்தார். சோலைச்சாமி வேட்டியை இறுக்கிக்கொண்டு தானே எழுந்து போனார்.

அறைக்குள் ஆவுடைத்தாய் டிரங்குப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். மாமனார் வாசலில் வந்து நின்றதும் எழுந்தாள். பெட்டியை விட்டு நகரவில்லை. அவர் குரலைத் தாழ்த்தி, வந்தவர்கள் காத்திருக்கிறார்கள் என்றார். ஒரு பத்து நிமிஷத்துக்குத்தான் என்றார். குடும்ப மானம் என்றார்.

"குடுத்துவிட மாட்டேன் மாமா" என்றாள். "நானே கொண்டாரேன். நானே ஆடிக் காட்டுதேன். ஆடி முடிச்சதும் நானே சுத்தி, இங்கன கொண்டாந்து வச்சிக்கிடுவேன். இனிமே அது பீரோவுக்கு வராது. சரின்னா சொல்லுங்க."

"அத்தன ஆம்பளைக முன்னால நீ போயி உக்காருவியா?"

"அப்ப அறுந்தத ஒட்டவச்சு நீங்களே காட்டுங்க."

சோலைச்சாமி மகனைப் பார்த்தார். சங்கிலிப்பாண்டி இந்தத் தடவை கட்டைவிரலைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய மாற்றம். கூடத்திலிருந்து செண்பகராஜின் இருமல் கேட்டது. சோலைச்சாமி தலையை ஆட்டினாரா, கழுத்து வலித்து அசைத்தாரா என்று சொல்ல முடியாது. ஆவுடைத்தாய் அதை ஆட்டியதாகவே எடுத்துக்கொண்டாள்.

அவள் கூடத்துக்கு வந்து, வயரின் சிவப்பு ரிப்பனை அவிழ்த்தாள். ஒரு இழுப்பில் அவிழ்ந்தது. நிர்வாகிகளில் ஒருவர் அதைக் கவனித்துப் பக்கத்தில் இருந்தவரை இடித்தார். அவள் தரையில் உட்காரவில்லை, டி.வி.க்கு எதிரில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அது சோலைச்சாமியின் நாற்காலி.

திரையில் கப்பல் வந்தது. மேலேயிருந்து எதிரிகள் வரிசை வரிசையாக இறங்கினார்கள். முதலில் வெள்ளைச் சட்டைக்காரர்கள் முதுகை நேராக வைத்துக்கொண்டு, கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கக் கேட்பதைப்போலப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சநேரத்தில் ஒருவர் முன்னால் நகர்ந்தார். ஒருவர் இடது, இடது என்று முணுமுணுத்தார். எதிரி வரிசை முழுவதும் தீர்ந்தபோது சங்கச் செயலாளர் தொடையில் அடித்தார், அது பக்கத்து ஆளின் தொடை. சங்கத் தலைவர் யார் என்ற பேச்சு காப்பி டம்ளர்களோடு மூலைக்குப் போய்விட்டது.

செண்பகராஜ் தனக்கு ஒரு வாய்ப்புக் கேட்டார். அவள் கொடுத்தாள். அவர் கப்பல் கிளம்பியவுடன் வெடித்தது. இது பழுது என்றார். பழுது இல்லை என்று நிர்வாகிகள் ஏகமனதாகத் தீர்மானித்தார்கள். அந்தச் சங்கத்தில் ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது. அவர் மறுபடி ஆடினார், மறுபடி வெடித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஆடினார். இலை போடலாமா என்று பெத்தம்மாள் இரண்டு முறை கேட்டும் யாருக்கும் காதில் விழவில்லை. வெகுநேரம் கழித்து, பசி ஜெயித்தபின், எல்லோரும் எழுந்தார்கள்.

செண்பகராஜ் மரியாதை தெரிந்தவர். வாங்கிய பொருளை ஒழுங்காகத் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று நினைப்பவர். வயரை எடுத்து, கழுத்தோடு மடக்கி, ஜாய்ஸ்டிக்கைச் சுற்றி வரிந்து இழுக்க ஆரம்பித்தார். ஒரு பருத்திக்காரர் சுற்றுவதைக் கண்டதும் இன்னொரு பருத்திக்காரரின் கை சும்மா இருக்குமா. சோலைச்சாமி இடுப்பு மடியிலிருந்து சணலை எடுத்துவிட்டிருந்தார்.

"சுத்தாதீங்க அண்ணாச்சி. இங்க குடுங்க."

ஆவுடைத்தாய் கையை நீட்டினாள். செண்பகராஜ் சுற்றுவதை நிறுத்தினார். ஒரு பெண் தன்னை நிறுத்தச் சொன்னதில் அவருக்குக் கோபம் வந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று சோலைச்சாமியைப் பார்த்தார். நிர்வாகிகளும் பார்த்தார்கள். சோலைச்சாமி கையில் சணல். அவள் கை நீட்டியபடியே இருந்தது. மடக்கவில்லை, தாழ்த்தவில்லை, அவர் பக்கம் திரும்பவும் இல்லை.

சாட்சி வைத்துச் சொல்கிற வார்த்தையைப் பிறகு திருப்பி வாங்க முடியாது என்பது மண்டித் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அங்கே நிர்வாகிகள் வரிசையாக நின்றார்கள். இவ்வளவு சாட்சிகள் சோலைச்சாமிக்கு எந்த வியாபாரத்திலும் கிடைத்ததில்லை. அவர் நெற்றியைத் துடைத்தார். அது நிறைய நேரம் பிடித்தது.

"குடுத்துருங்க அண்ணாச்சி" என்றார். "அது அவ சாமான்."

ஆவுடைத்தாய் வாங்கிக்கொண்டாள். செண்பகராஜ் வரிந்திருந்த சுற்றுகளைப் பிரித்தாள். முறுக்கு விழுந்த இடத்தில் வயரைத் தொங்கவிட்டு, அது தானாகச் சுழன்று நேராகும்வரை பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கையகலத்துக்கு ஒரு வளையம் விட்டாள். அதன்மேல் இன்னொன்று. அவசரமில்லாமல், எதையும் இழுக்காமல், கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டு, ரிப்பனை ஒரு சுற்றுச் சுற்றி முடிந்தாள். அடுக்களையில் சாம்பார் ஆறிக்கொண்டிருந்தது. அவள் முடிக்கும்வரை வெள்ளைச் சட்டைக்காரர்களில் ஒருவரும் பந்திக்கு நகரவில்லை.

அவள் தன் அறைக்கு நடந்தாள். அப்போது சங்கிலிப்பாண்டி, யாரும் சொல்லாமலே, டி.வி.க்குப் பின்னால் போய்க் குனிந்தான். ஏலே, அது அங்கேயே இருக்கட்டும் என்று சோலைச்சாமி சொன்னார். அவன் கறுப்புப் பெட்டியைக் கழற்றி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, அப்பாவைத் தாண்டி, அவள் பின்னால் போனான்.